விசில் துரைக்கு ஒரு நாற்காலி

நெடுங்கல் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் பெரிய கங்காணி பழனியாண்டி, ஒரு மத்தியான வேளையில் கோட்டோடு பாதையோரக் கானுக்குள் இறங்கி நின்றார். குடை எங்கோ கிடந்தது. தலைப்பாகை கையில் இருந்தது. தலை குனிந்திருந்தது. கானில் ஓடிய சேற்றுத் தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துகொண்டிருந்தது.

அவரைத் தாண்டிப் பாதையில் போனது துரையல்ல. துரைக்கு அடுத்த கண்டாக்கையாகூட அல்ல. மூன்றாம் லயத்து வேலாயியின் மகன் அழகுமுத்து. வாயைக் குவித்து விசிலடித்தபடி, நெற்றிக்கு மேல் குருவிக்கூடு மாதிரி தூக்கி வாரிய முடியைத் தட்டிக் கொடுத்தபடி, அவன் பாட்டுக்குப் போனான். நாலடி போனவன் திரும்பிப் பார்த்து, “என்னாங்கய்யா, கானுக்குள்ள எதுவும் விழுந்துருச்சா? நான் எடுத்துத் தரவா?” என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

இதைப் பார்த்தவர்கள் மேல்மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மட்டுமே. சாயங்காலத்துக்குள், நேரில் பார்த்தவர்களின் தொகை தோட்டத்தின் சனத்தொகையை எட்டியிருந்தது.

விசயம் இதுதான். சுதந்திரத்துக்கு முந்திய காலத்தில் அந்தத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் கல்லறையில் இருக்கிறது. சனங்கள் வைத்த பெயர் விசில் துரை. மலையைச் சுற்றி வரும்போது வளைவுக்கு முன்னாலேயே அவருடைய விசில் வந்துவிடும். முதலில் நீளமாக ஒன்று, பிறகு கத்தரித்தது போலச் சின்னதாக ஒன்று. அது காதில் விழுந்ததும் பாதையில் இருக்கிறவர்கள் பாதையை விட்டு இறங்கி, தலைத்துணியை எடுத்து, குனிந்து நிற்க வேண்டும். இறங்காதவர்களுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இறங்காதவர்கள் என்று யாரும் இருந்ததில்லை.

துரை காய்ச்சலில் செத்து, பழைய பங்களாவுக்குப் பின்னால் தைலமரங்களுக்கு அடியில் கிடக்கிறார். இப்போதைய துரை சிங்களவர். ஜீப்பில் வருவார், ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். ஆனாலும் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு தொந்தரவு இருந்தது. துரை செத்த சேதி அவர்கள் காதுக்குப் போயிருந்ததே தவிர, கால்களுக்குப் போயிருக்கவில்லை. பின்னாலிருந்து எவன் விசிலடித்தாலும் கால் தானாக இறங்கியது. அடுத்தவர் இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை என்று ஒரு ஏற்பாடு இருந்ததால் மானம் பிழைத்துக் கிடந்தது.

அந்த ஏற்பாட்டை இளவட்டங்களிடம் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அவர்களுக்கு வேறு கவலைகள். பின்பையில் சீப்பு, காலருக்குள் கைக்குட்டை, ரேடியோவில் கேட்ட பாட்டு வாயில் விசிலாக. இது தலவாக்கலைப் பக்கத்துப் பையன்களின் செட்டு. ராகலைப் பையன்கள் கைக்குட்டையைத் தொடமாட்டார்கள், காலரைத் தூக்கி விடுவார்கள். இறம்பொடைப் பையன்களுக்குக் கோடு மீசை. ஒரு செட்டுக்காரன் இன்னொரு செட்டோடு பஸ்ஸில் ஒரே ஆசனத்தில் உட்கார மாட்டான். இவர்கள் எல்லாரையும் வெறுக்கிற கறுப்புச் சட்டைக்காரர்கள் என்று தனியாகச் சிலர். அவர்களிடம் சீப்பு கிடையாது, பத்திரிகை இருக்கும், சாமி இல்லை என்பார்கள். தலவாக்கலைத் தையல்காரர் நூர்தீன் நானாவுக்கு மட்டும்தான் எவன் எந்தச் செட்டு என்று கால்சட்டையின் கால் அகலத்தை வைத்தே சொல்லத் தெரியும். “இதுக்கு மேல ஒடுக்கச் சொன்னா, தம்பி, கால வீட்ல வச்சிட்டு வந்துதான் போடணும்” என்று அழகுமுத்துவிடம் அவர் சொல்லியிருந்தார். கோயில் கமிட்டிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டவன் எல்லாம் ஒரே சாதி. பழனியாண்டி முதன்முதலாகக் கோட்டுப் போட்டபோது அவருடைய அப்பன் இழவு வீட்டில் உட்கார்கிற மாதிரி மூலையில் உட்கார்ந்தது கமிட்டியின் ஞாபகத்தில் இல்லை.

அழகுமுத்துவின் செட்டு கூடுமிடம் விசில் துரையின் கல்லறை. பெரியவர்கள் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அதுதான் என்பதால், தலைவாரிப் பழகவும் பாட்டுப் பழகவும் வசதியாக இருந்தது. பனிமூட்டம் இறங்கும் நேரங்களில் கல்லறைப் பக்கமிருந்து விசில் கேட்கிறது என்று பல மாதங்களாகவே பெண்கள் பேசிக்கொண்டார்கள். இப்போது கல்லறை விசிலுக்கும் கானுக்கும் முடிச்சு விழுந்தது.

கமிட்டி கூடியது. பழனியாண்டி எழுந்து பேசினார்.

“நான் இறங்கல. அத மொதல்ல எல்லாரும் வெளங்கிக்கணும். கூலிக்காரி மகன் ஒருத்தனுக்கு இந்தப் பழனியாண்டி கானுக்குள்ள இறங்குவானா? என்னைய இறக்குனது துரை. அப்ப, அந்தப் பய ஒடம்புக்குள்ள துரை இருக்காங்க. கால்சட்டை எப்படி வந்துச்சு? கிராப்பு எப்படி வந்துச்சு? நம்ம ரத்தத்துல விசில் ஏது? முப்பது வருசமா துரைமாருக்கு இறங்கி நின்ன காலு இது. ஆள் மாறி இறங்குமா?”

கைதட்டினார்கள். எல்லாருக்கும் ஒரு பெரிய பாரம் இறங்கியது. தாங்கள் இறங்கியதும் துரைக்குத்தான் என்று அவரவர் மனதுக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். சன்னலுக்கு வெளியே நின்ற கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன், “பேயாவது பூதமாவது, ஒங்க பயந்தான் பேய்!” என்று சத்தம் போட்டான். இந்தப் பையன் வாயால் பேயே தன்னை இல்லை என்று சொல்வது அது இருப்பதற்கு மேலும் ஒரு சாட்சி என்று செயலாளர் செல்லசாமிக் கணக்கப்பிள்ளை விளக்கினார்.

வேலாயி கூப்பிடப்பட்டாள். அவள் புருசன் சின்னக்கருப்பன் செத்துப் பல வருசம். கொழுந்துக்கூடையும், லயத்து ஒற்றை அறைக் காம்பராவும், இந்த ஒரு மகனும்தான் அவளுக்கு மிச்சம்.

“வெள்ளிக்கிழம மத்தியானம் ஓட்டுறோம்” என்றார் பழனியாண்டி. “தலைய சுத்தமா வழிச்சு, அந்த முடிய தைலமரத்துல ஆணி வச்சு அறையணும். சம்மதமில்லனா வேலப் பதிவுல பேர வெட்டி, காம்பராவக் காலி பண்ணச் சொல்லுவோம். பேய் புடிச்சவன லயத்துல வச்சிருக்க முடியாது பாரு.”

“அவனுக்கு ஒண்ணும் புடிக்கலீங்கய்யா. நல்லாத் திங்கிறான், நல்லாத் தூங்குறான்.”

“துரையும் நல்லாத்தான் தின்னாங்க” என்றார் செல்லசாமி.

வேலாயி வீட்டுக்கு வந்து சொன்னபோது மகன் கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

“முடியில கைய வச்சாங்கன்னா அன்னைக்கே கொழும்புக்குப் போயிருவேம்மா. மொட்டத் தலையோட இந்தத் தோட்டத்துல ஒரு நாள் இருக்க மாட்டேன்.”

“மசுருதானடா, மொளச்சுக்கும்.”

“ஒனக்கு மசுரு. இந்தத் தோட்டத்துல எனக்குன்னு இருக்கிறது வேற என்னா இருக்கு, சொல்லு?”

கொழும்புக்குப் போன பையன்களை வேலாயிக்குத் தெரியும். கடைகளில் தட்டுக் கழுவுவார்கள். கையில் பிரசாவுரிமைக் கடதாசி இல்லை என்று ஒருநாள் பொலிஸ் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றும். பிறகு மண்டபம் முகாமிலிருந்து யாரோ எழுதித் தருகிற தபாலட்டை வரும். முடியை எடுத்தால் மகன் போய்விடுவான். எடுக்காவிட்டால் கூரை போய்விடும். அன்று அவள் சோறாக்கி, சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் கேட்டாலே அவள் முந்தானையால் காதை மூடிக்கொள்வாள். அது ஏன் என்று மகனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. புருசன் எப்படிச் செத்தான் என்று அவன் கேட்டால், கமிட்டி சொல்லிக் கொடுத்ததையே சொல்லுவாள்: கால் தவறி.

வெள்ளிக்கிழமைக்குள் கமிட்டிக்குப் பல சிக்கல்கள் வந்தன. பூசாரி ஆண்டியப்பனுக்குத் தெரிந்த பேய்களெல்லாம் நம்மவர்கள். தூக்குப் போட்டவள், பிள்ளை பெறும்போது போனவள், ஆற்றோடு போனவன். அவற்றுக்கு ஒரு கோழி, கொஞ்சம் சாராயம், நாலு வேப்பிலை அடி போதும்.

“துரைய வேப்பிலையால அடிச்சிட்டு மறுநாள் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு நான் எந்த மூஞ்சியோட போவேன்?” என்று அவர் அழாத குறையாகக் கேட்டார்.

கமிட்டி யோசித்து, வேப்பிலையால் அடிக்க வேண்டாம், விசிறினால் போதும் என்று முடிவு செய்தது. துரை கோழியைக் கையால் சாப்பிட மாட்டார் என்பதால் பங்களா சமையற்காரரிடமிருந்து முள்ளுக்கரண்டியும் கத்தியும் வந்தன. துரையை நிற்க வைத்து ஓட்டுவது மரியாதையல்ல என்று கமிட்டித் தலைவரின் வீட்டு நாற்காலி வந்தது. அந்த நாற்காலியில் அதுவரை தலைவரின் மனைவிகூட உட்கார்ந்ததில்லை. பாஷை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். துரைக்குத் தமிழில் வா, போ, நாயே, சரி என்ற நாலு வார்த்தை தெரியும், இருபது வருசம் அதை வைத்தே தோட்டத்தை நடத்தினார், தன்னை ஓட்டுவதற்கு அது தாராளமாகப் போதும் என்று செல்லசாமி சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தைலமரங்களுக்குள் பனிமூட்டம் வந்து நின்றுகொண்டது. பத்தடிக்கு அப்பால் ஆள் இருப்பது குரலில்தான் தெரிந்தது. கல்லறைக்கும் பாதைக்கும் நடுவில் நாற்காலி. அதில் அழகுமுத்து. தோட்டமே திரண்டு வந்து சுற்றி நின்றது. ஆண்டியப்பன் உடுக்கையை அடித்து, வேப்பிலையால் மெதுவாக விசிறினார்.

“துரை அவங்க... துரை அவங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா, ஏழைங்க செஞ்சு குடுத்துருவோம்ங்க.”

அழகுமுத்து முதலில் கூச்சத்தில் நெளிந்தான். சுற்றிப் பார்த்தான். கமிட்டித் தலைவர் கைகட்டி நிற்கிறார், தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலைத் தூக்கிக் காலின் மேல் போட்டான்.

“தேத்தண்ணி” என்றான்.

பழனியாண்டி தானே ஓடிப்போய்க் கொண்டு வந்தார்.

“சீனி பத்தாது.”

மறுபடி ஓடினார். கூட்டத்துக்குள் அவனுடைய செட்டுப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“மூணாம் லயத்துக் கூரை ஒழுகுது. ஏன் பாக்கல, நாயே?”

“மழ பேஞ்சாத்தாங்க துரை ஒழுகுது” என்றார் செல்லசாமி. “நாளைக்கே தகரம் போட்டுருவோம்ங்க துரை.” எத்தனையோ வருசமாக எழுதிக் கொடுத்தும் கிடைக்காத தகரம், பேய் கேட்டதும் கிடைத்தது. வேலாயி கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தாள். மகன் “நாயே” என்று சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அது அவன் குரல் மாதிரி இல்லை.

ஆண்டியப்பன் வழக்கமான கேள்விக்கு வந்தார். “போறேன்னு சத்தியம் பண்ணிக் குடுங்க துரை.”

“போக மாட்டேன்” என்றான் அழகுமுத்து. நாற்காலி சுகமாக இருந்தது.

பழனியாண்டி பெருமூச்சு விட்டார். “பெரியவங்க மனசு வச்சுப் போனாத் தேவல. இல்லனா முடியோட சேத்துத்தான் அனுப்பணும்.” சாடை காட்டினார். சவரக்கத்தியோடு தோட்டத்து நாவிதர் முன்னால் வந்தார். கத்தியைக் கண்டதும் அழகுமுத்து எழுந்துவிட்டான்.

“விளையாட்டுக்குச் சொன்னேன்யா! நான் துரையில்ல, அழகுமுத்து! விடுங்க!”

“துரை பொய் சொல்றாங்க” என்றார் பழனியாண்டி வருத்தத்தோடு.

நாலைந்து பெரியவர்கள் பாய்ந்து பிடித்தார்கள். “மன்னிக்கணும் துரை” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் வலது கையை முறுக்கினார். “ஏழை மேல கோவம் வைக்கக் கூடாதுங்க” என்று இன்னொருவர் கழுத்தை நாற்காலியோடு சேர்த்து அமுக்கினார். அவன் “அம்மா” என்று கத்தினான். பேய் பிடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள் என்பதால் அது யாருக்கும் விசேசமாகப் படவில்லை. கத்தி அந்த நெற்றிமுடியின் அடியில் போய் உட்கார்ந்தது.

அப்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து அந்த விசில் வந்தது.

நீளமாக ஒன்று. பிறகு கத்தரித்தது போலச் சின்னதாக ஒன்று.

ரேடியோப் பாட்டில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும். நாவிதர் கத்தியோடு பாதையோரக் கானுக்குள் இறங்கினார். கையைப் பிடித்தவர்களும் கழுத்தை அமுக்கியவர்களும் விட்டுவிட்டு இறங்கினார்கள். செல்லசாமி இறங்கினார். பழனியாண்டி தலைப்பாகையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கிழவிகள் இறங்க இடமில்லாமல் இருந்த இடத்திலேயே குந்தினார்கள். ஒரு நிமிசத்துக்குள் தோட்டத்தின் பெரியவர்கள் அத்தனை பேரும் கானில் வரிசையாகக் குனிந்து நிற்க, மேலே நின்றது சின்னப் பிள்ளைகளும் இளவட்டங்களும்தான். அவர்களுக்கு எதற்கு இறங்க வேண்டும் என்று தெரியாது.

பனியை விலக்கிக்கொண்டு வேலாயி வந்தாள். உதடு இன்னும் குவிந்தபடி இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் விசிலடித்தவளில்லை. ஆனால் அந்த இரண்டு சத்தமும் எத்தனையோ வருசமாக அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தவை. வெளியே வர ஒரு வாய்தான் வேண்டியிருந்தது.

“பழனியாண்டி” என்றாள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பொம்பளை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“துரை” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“சின்னக்கருப்பன் எப்பிடிச் செத்தான்?”

“நீங்க சொல்லச் சொன்ன மாதிரியேதாங்க துரை சொன்னேன். கால் தவறினுதான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த மாத்தல.”

“நடந்தத சொல்லு.”

“அவன் மெலாறு விறகுக் கட்ட தலையில வச்சுக்கிட்டு முன்னால போய்க்கிட்டு இருந்தான்ங்க. அந்த முடக்கு வளைவுல நீங்க விசிலடிச்சீங்க. அந்த எடத்துல கான் இல்லீங்க துரை. ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம். அவன் திரும்பி என்னையப் பாத்தான். எங்க எறங்கறதுன்னு கேக்கிற மாதிரி பாத்தான்.” பழனியாண்டியின் குரல் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. “துரை வாராங்கடா, எறங்குடான்னு சத்தம் போட்டேன். என் கடம அது. எறங்குனான்.”

தைலமரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“கூடப் பொஞ்சாதியும் வந்தாளே, அவ கிட்ட என்னா சொன்னே?”

“கத்தாதேன்னு சொன்னேங்க. துரை காதுல விழும்னு.”

அழகுமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். நெற்றியில் கத்தி பட்ட இடத்தில் கொஞ்சம் ரத்தம். அவனுடைய செட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவளோ கானில் குனிந்திருந்த அந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கமிட்டி அவசரமாகக் கூடியது. துரை மகனை விட்டு இறங்கித் தாய்மேல் ஏறிவிட்டார் என்று ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே மகனின் முடி தேவைப்படாது. துரை தங்கியிருக்கும் காம்பராவைக் காலி பண்ணச் சொல்வது துரையைக் காலி பண்ணச் சொல்வதாகும். ஆகவே பேரையும் வெட்ட முடியாது. கூரைக்குத் தகரம் உடனே போடப்படும். நேற்று கானுக்குள் நின்று தலைவர் சொன்னதைப் பற்றிப் பின்வரிசையில் ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

“அது நான் சொன்னதில்ல” என்றார் பழனியாண்டி. “துரை கேட்டாங்க, வாய் சொல்லிச்சு. வாய் சொன்னதுக்கு ஆளா பொறுப்பு? கானுக்கு மேல நிக்கிறப்ப நான் சொன்னது கால் தவறி. அதுதான் கமிட்டி முடிவு.”

அவ்வாறே எழுதப்பட்டது.

பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு அன்றிலிருந்து வேலாயியிடம் நெருப்பு வாங்க வருவதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வேலாயி வந்தால் குடங்கள் ஒதுங்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளுடைய கூடையைத் தொடுவதற்கு முன் கணக்கப்பிள்ளை கும்பிடு போட்டார். மகன் போகவில்லை, கூரை போகவில்லை, ஒழுக்குகூடப் போய்விட்டது. மற்றவர்கள்தான் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். தலையை வாரவில்லை. “எந்த முடக்கு?” என்றான்.

அவள் கூட்டிக்கொண்டு போனாள். மேல்மலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளம் முழுக்கப் பனி. அவன் வேலைக்குப் போக வர ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த முடக்கில் திரும்புகிறவன். எதிரொலி நன்றாக வரும் என்று வேண்டுமென்றே அங்கேதான் உரக்க விசிலடிப்பான்.

அவன் ஒரு கல்லை எடுத்துப் பள்ளத்துக்குள் போட்டான்.

“நீ ஏம்மா சொல்லவேயில்ல?”

“சொன்னா நீயும் எறங்கப் பழகியிருப்படா.”

அவன் விளிம்பில் குந்தி, கீழே பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. வேலாயி முந்தானையால் காதை மூடிக்கொண்டிருந்தவள், அதை எடுத்துவிட்டாள்.

“அடி” என்றாள். “ஒன் பாட்ட அடி. ஒங்கப்பா ஒன்னைய சின்னப்புள்ளயா விட்டுட்டுப் போனவரு, அவருக்கு ஒன் சத்தம் எப்பிடின்னு தெரியாது. கேக்கட்டும். கேட்டுட்டு ஏறி வரட்டும்.”

அழகுமுத்து வாயைக் குவித்தான். காற்றுதான் வந்தது. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி குவித்தான். அதற்கும் காற்றுதான் வந்தது.

வேலாயி பள்ளத்துப் பக்கம் காதைத் திருப்பி, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.